ரயிலிலும் குக்கர் விசிலுக்கு நடுவிலும் போடக்கூடிய லேஸ்: டாட்டிங் ஆரம்பப் பாடம்

"லேஸ் போட ஆசைதான், உட்கார நேரம் எங்கே?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடர்ந்து ஒரு மணி நேரம் உட்கார எனக்கும் வாய்ப்பதில்லை. திருவொற்றியூரிலிருந்து வேலைக்குப் போகிறேன், வீட்டில் மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்கும். அப்படிக் கிடைக்கும் நேரத்துக்குப் பொருந்துகிற லேஸ் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

நம் பக்கத்தில் லேஸுக்குப் பழைய வரலாறு உண்டு. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது பாபின் லேஸ். மிக அழகான வேலை. ஆனால் அதற்கு ஒரு திண்டு வேண்டும், அதன்மேல் குத்த ஏகப்பட்ட குண்டூசி வேண்டும், ஜோடி ஜோடியாகத் தொங்கும் நூல் கட்டைகள் வேண்டும். அதை மடியில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆந்திராவில் நரசாப்பூர் பெண்கள் போடுவது குரோஷா லேஸ். பையில் அடங்கும், கற்றுக்கொள்ளவும் சுலபம். ஆனால் கொக்கியிலிருந்து கண் நழுவிவிட்டால், நூலை யாராவது இழுத்த இழுப்பில் வரிசை முழுக்க அவிழ்ந்து வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த "யாராவது" எப்போதும் கையெட்டும் தூரத்திலேயே இருப்பார்கள்.

டாட்டிங்கில் போடுவதெல்லாம் முடிச்சு. எந்த இடத்தில் நிறுத்தினாலும் போட்டது போட்டபடி இருக்கும். கருவி என்று பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஷட்டில், அதாவது நூல் சுற்றிவைக்கும் சின்னத் தகடு, மட்டும்தான். அதனால் இன்றைய பாடம் டாட்டிங்.

என்னென்ன வேண்டும்

நூல்: குரோஷாவுக்கு விற்கும் முறுக்கான பருத்தி நூல், 10 அல்லது 20ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். 40, 60 எல்லாம் பார்க்க ஆசையாக இருக்கும், இப்போதைக்குத் தொடாதீர்கள். எம்ப்ராய்டரிக்கு விற்கும் ஆறு இழை நூலும் வேண்டாம், இழை பிரிந்து தொல்லை கொடுக்கும். பாரிமுனைப் பக்கம் தையல் சாமான் விற்கும் கடைகளில் ஆங்கர் குரோஷா நூல் கேளுங்கள். வெளிர் நிறத்தில் இரண்டு, ஒன்றுக்கொன்று நன்றாக வித்தியாசம் தெரிகிற மாதிரி வாங்குங்கள். இளமஞ்சளும் ரோஸும் சரியாக இருக்கும். கறுப்பு வேண்டாம், டியூப்லைட் வெளிச்சத்தில் முடிச்சு கண்ணுக்கே தெரியாது. வெள்ளையும் இப்போது வேண்டாம், நம் ஊர் வியர்வையில் ரெண்டே நாளில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும்.

ஷட்டில்: பிளாஸ்டிக் ஷட்டில் ஆன்லைனில் கிடைக்கிறது. அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கெட்டியான கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒட்டினால் போதுமான விறைப்பு வந்துவிடும். இரண்டு முனையையும் வட்டமாக வெட்டி, நடுப்பகுதியின் இரு பக்கமும் லேசாகக் குழிவாக வெட்டுங்கள். நூல் அந்த இடுப்பில் தங்கும். நடுவில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டு நூல் நுனியை விட்டுக் கட்டி, சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். சுற்றிய நூல் அட்டை விளிம்பைத் தாண்டி வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் ஒவ்வொரு முடிச்சிலும் மாட்டும்.

இவை தவிர மெல்லிய குரோஷா கொக்கி ஒன்று, சேஃப்டி பின் நாலைந்து, நகவெட்டி. கொக்கி கிடைக்காவிட்டால் குண்டூசியாலும் ஒப்பேற்றலாம்.

முடிச்சு: இங்கே அவசரப்படாதீர்கள்

டாட்டிங் என்பது ஒரே ஒரு முடிச்சு. அந்த முடிச்சுக்கு இரண்டு பாதி. அது கைக்கு வந்துவிட்டால் மீதி எல்லாம் எண்ணிக்கைதான். வராவிட்டால் எத்தனை வீடியோ பார்த்தாலும் ஒரு வளையம்கூட மூடாது. எனவே முதல் வாரம் பூ, வளையம் எதுவும் வேண்டாம், முடிச்சு மட்டும்.

ஷட்டிலில் ரோஸ் நூல் இருக்கட்டும். மஞ்சள் உருண்டையின் நுனியையும் ரோஸ் நுனியையும் சேர்த்து முடி போடுங்கள். அந்த முடியை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். மஞ்சள் நூலை மற்ற விரல்களின் புறத்தில் விறைப்பாகப் போட்டு, சுண்டுவிரலில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் மஞ்சள் நூல் கொடி கட்டியது போல நேராக நிற்க வேண்டும். வேலை நடக்கும் இடம் அதுதான். வலது கையில் ஷட்டில். அதற்கும் முடிக்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாக நூல் விட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பாதி: ஷட்டிலிலிருந்து வரும் ரோஸ் நூலை வலது கை விரல்களின் புறத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஷட்டிலை மஞ்சள் நூலுக்கு அடியில் விட்டு, அதன் மேலாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். திரும்பும்போது கீழே மஞ்சள், மேலே உங்கள் கையில் போட்ட ரோஸ், இரண்டுக்கும் நடுவில் ஷட்டில் வரும். இப்போது பார்த்தால் ரோஸ் நூல் மஞ்சளைச் சுற்றியிருக்கும்.

இதை இப்படியே இறுக்கினால் போச்சு! இடது நடுவிரலைத் தளர்த்துங்கள். மஞ்சள் தொய்ந்துவிடும். தொய்ந்த பிறகு ரோஸ் நூலை வலது பக்கம் நேராக, வெடுக்கென்று இழுங்கள். சுற்று அப்படியே புரண்டு இடம் மாறும். இப்போது ரோஸ் நேராக நிற்கும், மஞ்சள் அதைச் சுற்றியிருக்கும். ரோஸைத் தளர்த்தாமலே இடது நடுவிரலை மெதுவாக உயர்த்துங்கள். மஞ்சள் சுற்று நகர்ந்துவந்து கட்டைவிரல் பிடியில் உட்காரும்.

இரண்டாம் பாதி: இந்த முறை நூலைக் கைமேல் போட வேண்டாம், கீழே தொங்கட்டும். ஷட்டிலை மஞ்சளுக்கு மேலாக விட்டு, அடியில் திருப்பிக் கொண்டுவாருங்கள். மறுபடியும் அதேதான்: இடது விரலைத் தளர்த்தி, ரோஸை இழுத்து, சுற்று புரண்டதும் விரலை உயர்த்த வேண்டும். இரண்டு பாதியும் ஒட்டி உட்கார்ந்தால் ஒரு முழு முடிச்சு.

சரியாக வந்ததா என்று நூலே சொல்லும். முடிச்சுகள் எல்லாம் மஞ்சளாக இருக்க வேண்டும். எங்காவது ரோஸ் சுற்று தெரிந்தால் அந்தப் பாதி புரளவில்லை. அப்புறம் ரோஸ் நூலை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், முடிச்சுகளுக்குள் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களும் நூல் சுற்றிய ஊசி ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் போடும் முடிச்சு நகராமல் பூட்டிக்கொள்ள வேண்டும், நம்முடையது நடுநூலின்மேல் நகர வேண்டும். ஓடவில்லை என்றால் கடைசியாகப் போட்ட பாதியைக் குண்டூசி முனையால் தளர்த்திப் பிரித்துவிட்டு மறுபடி போடுங்கள். அந்த ஒரு பாதிதான் பூட்டியிருக்கும்.

குக்கர் வைத்துவிட்டு மூன்று விசில் வருவதற்குள் எத்தனை முடிச்சு வருகிறதோ போடுங்கள். கண் பார்க்காமலே கை போட ஆரம்பிக்கும்போது அடுத்த படிக்குப் போகலாம்.

வளையமும் காதும்

வளையத்துக்கு ஒரே நூல் போதும், ஷட்டில் நூல் மட்டும். அதன் நுனியிலிருந்து நான்கு விரற்கடை விட்டு இடது கையில் பிடித்து, மற்ற விரல்களைச் சுற்றி மறுபடி அதே பிடிக்குள் கொண்டுவாருங்கள். விரல்களைச் சுற்றி ஒரு நூல் வட்டம் இருக்கும். முடிச்சுகளை அதில் போட வேண்டும். முறை அதேதான். இரண்டுமே ஒரே நிறம் என்பதால் முடிச்சு புரண்டதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, நூல் வழுக்குகிறதா என்று அடிக்கடி இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து முழு முடிச்சு போடுங்கள். ஆறாவது முடிச்சை ஒட்டாமல் அரை சென்டிமீட்டர் தள்ளிப் போட்டு, பிறகு நகர்த்தி ஒட்டுங்கள். நடுவில் விட்ட நூல் மேலே சின்னக் காதாக எழும்பும். புத்தகங்களில் இதை பீகோ என்று எழுதியிருப்பார்கள். அந்த ஆறாவது முடிச்சும் அடுத்த ஐந்தில் சேர்த்தி. இப்படி ஐந்து, காது, ஐந்து, காது, ஐந்து, காது, ஐந்து என்று முடித்துவிட்டு, முடிச்சுகளை விரலால் பிடித்துக்கொண்டு ஷட்டில் நூலை இழுத்தால் வட்டம் சுருங்கி வளையமாக மூடிக்கொள்ளும். மூடுவதற்கு முன் ஒரு முறை எண்ணிவிடுங்கள், ஏனென்றால் மூடிய வளையத்தைத் திறப்பது மகா எரிச்சலான வேலை. பெரும்பாலும் வெட்டிவிடுவதே மேல்.

அடுத்த வளையத்தை அரை சென்டிமீட்டர் வெறும் நூல் விட்டுத் தொடங்குங்கள். ஐந்து முடிச்சு ஆனதும், பழைய வளையத்தின் கடைசிக் காதை இப்போதைய வட்ட நூலின்மேல் வையுங்கள். காதுக்குள் கொக்கியை விட்டு, அடியிலிருக்கும் வட்ட நூலை மேலே இழுங்கள். ஷட்டில் நுழையும் அளவு இழுத்து, அதற்குள் ஷட்டிலை விட்டு எடுத்து, இடது விரலை உயர்த்தி இறுக்குங்கள். இரண்டு வளையமும் கைகோத்துக்கொண்டன. முதல் காதுக்குப் பதில் இந்த இணைப்பு, அடுத்து எப்போதும்போல ஐந்து, காது, ஐந்து, காது, ஐந்து. இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நீளமான ஓர லேஸ் கிடைத்துவிடும்.

எந்த வேலையை எங்கே

ரயிலில் முடிச்சு மட்டும். இணைப்பும் வளையம் மூடுவதும் வீட்டில். கொருக்குப்பேட்டைப் பக்கம் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் கொக்கியைக் காதுக்குள் விடுவதெல்லாம் நடக்காத காரியம். மெட்ரோ பரவாயில்லை. 2021 பிப்ரவரியில் அது விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து விமான நிலையம் வரை ஒரே வண்டியில் உட்கார்ந்து போகலாம், இணைப்பைக்கூட நிதானமாகப் போடலாம். விமானப் பயணம் என்றால் நகவெட்டியைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள், ஷட்டிலில் நூலை முன்பே நிறையச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பாதி வளையத்தில் இறங்கும் இடம் வந்துவிட்டால், விரலிலிருந்து கழற்றிய நூல் வட்டத்தில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டுங்கள். முடிச்சு அவிழாது, ஆனால் பைக்குள் இழுபட்டு வளையம் தானாக மூடிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதைத் தடுக்கத்தான் பின். மூடியுள்ள சோப்பு டப்பாவில் எல்லாமே அடங்கிவிடும். டப்பாவுக்குள் ஒரு துண்டுச்சீட்டில் "5, காது, 5, காது" என்று எழுதி வையுங்கள். மூன்று நாள் கழித்து எடுக்கும்போது எங்கே விட்டோம் என்று மண்டையைக் குடைய வேண்டாம்.

பெண்கள் பெட்டியில் பக்கத்துச் சீட்டு அம்மா நிச்சயம் கேட்பார்: "என்னாம்மா, நூல்லயே பூ கட்டுறியா?" "இல்லம்மா, லேஸு. பாப்பா சட்டைக்கு." "குடு பாப்பம்." கொடுத்துவிடுங்கள். முடிச்சுதானே, எதுவும் ஆகிவிடாது. பூ கட்டிப் பழகிய விரல்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும், எண்ணூர் வருவதற்குள் அவர் உங்களுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

வீட்டில் பெரிய எதிரி எண்ணெய்க் கை. சமையலுக்கு நடுவில் எடுப்பதானால் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள். குழந்தைகள் ஷட்டிலைக் கேட்டால் பிடுங்காதீர்கள், அட்டையில் இன்னொன்று வெட்டி மிச்ச நூலைச் சுற்றிக் கொடுத்தால் உங்களுடையது தப்பிக்கும்.

துணியில் வைப்பது

முதல் லேஸைக் கைக்குட்டையின் நான்கு பக்கமும் வைக்கப் பார்க்காதீர்கள், மூலை திருப்புவது தனிப் பாடம். ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், அல்லது குழந்தையின் சட்டைக் கை ஓரத்தில் வையுங்கள். பத்து வளையம் போட்டதும் அளந்து பாருங்கள். ஒவ்வொருவர் கையின் இறுக்கமும் வேறு என்பதால் என் அளவு உங்களுக்கு உதவாது. உங்கள் பத்து வளையத்தின் நீளத்தை வைத்துத் துணிக்கு எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புதுத் துணி என்றால் முதலில் ஒரு தடவை நனைத்துக் காயப்போட்டு விடுங்கள். லேஸை வைத்த பிறகு துணி சுருங்கினால் எல்லாம் நெளிந்துவிடும்.

லேஸை சோப்புத் தண்ணீரில் நனைத்து அலசி, தெர்மாகோல் மேல் ஒரு துண்டை விரித்து, ஒவ்வொரு காதையும் இழுத்துப் பின் குத்திக் காயவிடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. கடல் காற்றில் சாதாரண குண்டூசி எப்படித் துருப்பிடிக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈர லேஸில் அந்தத் துரு இறங்கினால் லேசில் போகாது. துருப்பிடிக்காத ஸ்டீல் பின் மட்டும் பயன்படுத்துங்கள். விறைப்பு வேண்டுமானால் வடித்த கஞ்சியில் தண்ணீர் கலந்து, வடிகட்டி, தொட்டு வையுங்கள். நீர்க்க இருக்கட்டும், கெட்டியாக இருந்தால் காதெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

காய்ந்ததும் வளையங்களின் அடியும் வெறும் நூலும் துணி ஓரத்தைத் தொடும்படி வைத்து, அதே நிறத் தையல் நூலால் சின்னச் சின்னதாகச் சுற்றித் தையுங்கள். தொடக்க நுனியையும் கடைசி நுனியையும் வெட்டிவிடாமல், ஊசியில் கோத்து துணி மடிப்புக்குள் ஒளித்துத் தைத்தால் துவைக்கும்போது பிரியாது. இஸ்திரி போடும்போது துணியைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் துண்டு ஒன்றை விரித்துத் தேயுங்கள், காது நசுங்காது. தெருமுனை இஸ்திரிக்காரரிடம் போடுகிறவர்கள் இதைச் சொல்லியே கொடுங்கள்.