சாலையோரம் புளூபானெட் பூக்க: விதைப்பு முதல் நன்றிக் கடிதம் வரை

டெக்சஸ் மாநிலத்தில் மார்ச் கடைசியில் ஆஸ்டினிலிருந்து மேற்கே காரில் போகிறவர்கள், நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நீலமாய்ப் பூத்துக் கிடக்கும் புளூபானெட் என்ற காட்டுப்பூச் செடியெல்லாம் தானாக முளைத்தது என்றே எண்ணிவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. ஆண்டுதோறும் சுமார் 30,000 பவுண்டு காட்டுப்பூ விதையை மாநிலமெங்கும் சாலையோரங்களில் தூவுவது மாநிலப் போக்குவரத்துத் துறை. அதே வேலையை வீட்டு வேலியோரம் சிறிய அளவில் செய்து பார்ப்பதற்கான வழிமுறை இது. செய்து பார்த்த பிறகுதான், சாலைப் பணியாளர்களுக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்பது எனக்கே விளங்கியது.

படி 1: நாள் முழுவதும் வெயில் விழுகிற, தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். மண் வளமாக இருக்க வேண்டியதில்லை.

படி 2: செப்டம்பருக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் விதைக்க வேண்டும். விதைத்தோல் மிகவும் கெட்டி. அப்படியே போட்டால் சில விதைகள் அந்த ஆண்டும், மற்றவை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முளைக்கும். எல்லாம் ஒரேயடியாக முளைத்து, அந்த ஆண்டு மழையும் பொய்த்துவிட்டால் செடிக்கு வாரிசே மிஞ்சாது என்பதால் அதற்கு இந்த முன்னெச்சரிக்கை. சீக்கிரம் முளைக்க வேண்டுமானால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைக்கலாம்.

படி 3: புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு, விதையைத் தூவி, அதன்மேல் நடந்து மிதியுங்கள். ஆழமாகப் புதைக்கக் கூடாது. இது அவரைக் குடும்பத்துச் செடி. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் உரம் தேவையில்லை.

படி 4: குளிர்காலத்தில் செடி தரையோடு தரையாக வட்டமாகப் படர்ந்திருக்கும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். விரல்களை விரித்தாற்போலப் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள், ஓரத்தில் மெல்லிய வெண்ரோமம், மழை பெய்தால் நடுவில் உருண்டு நிற்கும் ஒரு சொட்டு நீர் ஆகியவற்றை வைத்து அடையாளம் காணலாம்.

படி 5: காத்திருப்பது. இருப்பதிலேயே கடினமான படி இதுதான். பூ வாடியதும் செடி பார்க்க அலங்கோலமாகிவிடும். முதல் ஆண்டு அதைப் பொறுக்க முடியாமல் ஏப்ரல் கடைசியில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிவிட்டேன்; காய்கள் அப்போது பச்சையாகவே இருந்தன, மறு ஆண்டு அங்கே முளைத்தவை நான்கே செடிகள். காய் பழுப்பாகிக் காய்ந்து, தானே முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறும் வரை, ஏறக்குறைய ஆறு வாரங்கள் வெட்டக் கூடாது.

நெடுஞ்சாலைக்காரர்கள் இதை எப்போதோ அறிந்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கு அவசியமான இடங்களைத் தவிர, பூக்காலம் முடியும்வரை வெட்டுவதைத் தள்ளிப்போடும் விதி 1934 வாக்கிலேயே அங்கே வந்துவிட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன், 1969 முதல் பல ஆண்டுகள் டெக்சஸ் சாலைப் பராமரிப்புப் பணியாளர்களைத் தேடிப் பரிசு கொடுத்தார். பொறியாளர்களை விட்டுவிட்டு அவர்களைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகச் சரியாகவே படுகிறது.

படி 6: புல்வெட்டும் வண்டி தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், புகைப்படத்துக்காகப் பூக்களை மிதிக்காதீர்கள். பிறகு அந்தப் பகுதியின் நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு நாலு வரி எழுதுங்கள். பொதுவாகப் பாராட்டாமல், எந்தச் சாலை, எந்த இடம், எந்த வாரம் என்று குறிப்பிட்டு, அங்கே வெட்டாமல் விட்டதற்கு நன்றி என்று எழுதுங்கள்.