நிறுவை, செக்ரோல், சம்பளம்: சேவைகளைக் கோர்க்கப் பழகுவோம்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், நிறுப்பவருக்குச் சம்பளக் கணக்குத் தெரியத் தேவையில்லை. கிலோவைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். மென்பொருளில் ஒரு சேவையும் (ஒரு வேலையை மட்டும் செய்து பதில் தரும் சிறு நிரல்) அப்படி இருந்தால்தான் அதை எங்கும் கோர்க்கலாம்.

படி 1: தாளை எடுத்து நான்கு சேவைகளை எழுதுங்கள். நிறுவை, செக்ரோல் (வேலைக்கு வந்தவர்களின் வரவுப் பதிவேடு), நிதிக் கணக்கு, குறுஞ்செய்தி. ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுப்போம், என்ன திரும்பி வரும், அவ்வளவுதான். செக்ரோலுக்கு ஆளின் எண்ணும் மாதமும் கொடுத்தால் எத்தனை பேர் (முழுநாள் வேலை), எத்தனை அரைப்பேர் (அரைநாள்) என்று வரும். நிதிக் கணக்குக்குச் சம்பளத் தொகையைக் கொடுத்தால் மூன்று தொகைகள் வரும்: ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) தொழிலாளி பங்கு 8%, தோட்டத்தின் பங்கு 12%, தோட்டமே கட்டும் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) 3%. சம்பளத்தில் கழிப்பது 8 மட்டுமே. பழகுகிறவர்கள் மூன்றையும் கூட்டி 23ஐ வெட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், ஆள் பாவம்!

படி 2: இவற்றை வரிசையாகக் கூப்பிட ஒரு தனி நிரல் எழுதுங்கள். நான் அதற்கு 'கணக்குப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன். சேவைகள் ஒன்றையொன்று நேராகக் கூப்பிடக் கூடாது. வரிசை தெரிந்தவர் கணக்குப்பிள்ளை ஒருவரே. சேவைகளை இப்படி வரிசையாகக் கூப்பிடுவதற்கென்றே பிபெல் (BPEL) என்றொரு மொழி உண்டு, அதன் 2.0 பதிப்பை, மென்பொருள் தரங்களை வகுக்கும் ஒயாசிஸ் (OASIS) அமைப்பு 2007இல் தரமாக அறிவித்தது. நமக்குச் சின்னப் பைதன் நிரல் போதும்.

படி 3: இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் தோட்டம் இருப்பது மழை மூட்டத்தில் சிக்னல் போய்ப்போய் வரும் மலை. ஒருநாள் நிறுவை பதிவாகிவிட்டது, பதில் மட்டும் வந்து சேரவில்லை. என் நிரல் அதே கோரிக்கையை மறுபடி அனுப்ப, ஓர் அக்காவின் 18 கிலோ 36 ஆனது. அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, இந்த மிஷினையே வச்சுக்குவோம்" என்றார். அன்றிரவே ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு துண்டு எண் கொடுத்தேன். அதே எண் திரும்ப வந்தால் சேவை புதிதாக எழுதாது, பழைய பதிலையே தரும். எத்தனை தடவை அனுப்பினாலும் 18 தான்.

படி 4: இப்போது சேவைகளை மாற்றிக் கோர்த்துப் பாருங்கள். தொழிற்சாலை ஆட்களுக்குக் கொழுந்து நிறுவை கிடையாது. அதைக் கழற்றிவிட்டு, செக்ரோல், நிதிக் கணக்கு, குறுஞ்செய்தி மூன்றையும் வேறொரு கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். நிதிக் கணக்கின் உள்ளே ஒரு வரியாவது திருத்த வேண்டி வந்தால், எங்கோ 'கிலோ' அதற்குள் நுழைந்திருக்கிறது. படி 1 தாளை மறுபடி எடுங்கள்.