கடைசி எழுத்தை விழுங்காமல் பேச

யாங்கோனில் வளர்ந்த நம்மில் பலர் தமிழ் பேசும்போது சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுகிறோம், நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பர்மியப் பேச்சில் கடைசியில் வரும் க், த், ப் எல்லாமே தொண்டைக்குள் டக்கென்று நின்றுவிடும், ல், ள், ர் என்று சொல் முடிவதும் இல்லை. அந்தப் பழக்கத்தோடு தமிழ் பேசினால் நீங்கள் கேட்டது பாலா, பாயா என்று கடைக்காரர் முழிப்பார்.

சரி, முதலில் வேகத்தைக் குறையுங்கள். ஒரு நிமிடம் பேசி போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள் (அன்றே கேட்டால் மனசு தானாக இட்டு நிரப்பிவிடும்). புரியாத சொற்களை மட்டும் எடுத்து, கடைசி எழுத்து காதில் விழும்வரை சொல்லிப் பாருங்கள். 'ழ' வரவில்லையா? நாக்கு நுனியை மேலே வளைத்து, அண்ணத்தைத் தொடாமல் ஒலியை விடுங்கள். தொட்டால் அது 'ள'.

கோயில் விழாவில் மைக் பிடிக்க வேண்டுமா? முதல் இரண்டு வரியை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுப் பேச்சையும் உருப்போட்டுவிட்டு, நடுவில் ஒரே ஒரு சொல் மறந்து, கூட்டத்தைப் பார்த்தபடி சிலையாக நின்றவன் நான்.

பேச்சு திடீரென்று குழறினால், அல்லது முகமோ கையோ ஒரு பக்கம் தொய்ந்தால், பயிற்சியெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.