கத்திரி வெயிலைக் கணக்கில் வைத்துப் பழைய பிராசஸரை ஓவர்கிளாக் செய்யும் முறை

ஓவர்கிளாக் (பிராசஸரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓடவைப்பது) பற்றிய வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு அறைகளில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. முழு வேலையிலும் எழுபது டிகிரியைத் தாண்டவில்லை என்று அங்கே ஒருவர் எழுதும்போது, அவருடைய அறை 20 அல்லது 22 டிகிரியில் இருந்திருக்கும். பாளையங்கோட்டையில் தட்டட்டிக்கு (மொட்டைமாடிக்கு) நேர் கீழே இருக்கும் மச்சு அறையில், சித்திரை மாதத்துப் பிற்பகலில், சுவரில் மாட்டிய வெப்பமானி 37, 38 என்று காட்டும். கூலர் என்பது பிராசஸரின் சூட்டை அறைக்காற்றுக்குக் கடத்திவிடும் பொருள். அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் அதனால் ஆக்க முடியாது. ஆகவே அறை 15 டிகிரி ஏறினால், பிராசஸரும் ஏறக்குறைய அதே 15 டிகிரி ஏறும். மார்கழி இரவில் 68 காட்டிய அதே அமைப்பு, மே மாதப் பிற்பகலில் 83 காட்டுவதில் வியப்பு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஓவர்கிளாக் செய்யத் தொடங்குகிறவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இதை நான் அறிந்துகொண்ட விதம் பெருமைக்குரியது அன்று. முதல் முயற்சியை ஆனி மாதத்தில், தென்காசியில் உறவினர் வீட்டில், சாரல் காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த நாட்களில் செய்தேன். 4.5 கிகாஹெர்ட்ஸில் இரவு முழுவதும் சோதனை பிழையின்றி ஓடியது. அதே கம்ப்யூட்டர் அடுத்த சித்திரையில் பாளையங்கோட்டையில் வீடியோ மாற்றும் வேலையின் நடுவே உறைந்து போகத் தொடங்கியது. இரண்டு நாள் ஹார்டு டிஸ்க்கையும் விண்டோஸையும் சந்தேகித்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாவது நாள்தான் நான் கூட்டி வைத்த வேகத்தின் மீது சந்தேகம் வந்தது.

எந்தப் பிராசஸருக்கு இது பொருந்தும் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இன்டெல்லில் 2011 தொடங்கி வந்த சாண்டி பிரிட்ஜ் வரிசையில், பெயரின் கடைசியில் ‘கே’ என்ற எழுத்து உள்ளவற்றில் மட்டுமே மல்டிபிளையர் (அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கி வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) மாற்றிக்கொள்ளும்படி முழுமையாகத் திறந்திருக்கும். இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் கோர் ஐ5-2500கே அத்தகையது. மதர்போர்டும் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். பி67, இசட்68, இசட்77 சிப்செட்டுகள் (போர்டில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லுகள்) இடம் கொடுக்கும், எச்61 கொடுக்காது. பழைய கம்ப்யூட்டர்களில் எங்கு பார்த்தாலும் எச்61 போர்டுதான் கண்ணில் படுகிறது என்பதால், பலருக்கு இந்த முயற்சி இந்த வரியோடு முடிந்துவிடும். வருந்த வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தால் அன்றாட வேலையில் கிடைக்கும் வேகம், எந்த ஓவர்கிளாக்கிலும் கிடைக்காது. ஏஎம்டியின் எஃப்எக்ஸ் வரிசை முழுவதும் திறந்தே இருக்கிறது. ஆனால் எஃப்எக்ஸ்-8350 தன் இயல்பிலேயே 125 வாட் இழுப்பது என்பதால், மலிவான போர்டில் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியே முதலில் கொதித்துவிடும். அத்தகைய போர்டில் தொடக்கக்காரர் கைவைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது பெட்டியைத் திறந்து பார்ப்பது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, மதர்போர்டில் நின்றுகொண்டிருக்கும் சிறிய உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையை வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றின் தலையாவது உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, அந்தப் போர்டு ஓவர்கிளாக்குக்கு உரியது அன்று. ஆடிக்காற்று அடித்து ஓய்ந்த பிறகு எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர்களின் கூலர் இடுக்குகளில் செம்மண் புழுதி ஒரு கம்பளம் போலப் படிந்திருக்கும். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். பிறகு கூலரைக் கழற்றி, காய்ந்து சுண்ணாம்பாகிப் போன பழைய தெர்மல் பேஸ்ட்டை (பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசையை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து மறுபடி பொருத்துங்கள். இன்டெல்லோடு வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு; ஒரு கால் சரியாகப் பூட்டாமல் போனாலும் பத்து டிகிரி வித்தியாசம் வரும். ஏஎம்டி பிராசஸர் என்றால் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகு அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, கூலரை மெதுவாக இடம் வலமாகத் திருகிக் கழற்ற வேண்டும். நேராக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும்.

இன்டெல்லோடு வரும் அந்தச் சிறிய கூலரை வைத்துக்கொண்டு எங்கள் வெயிலில் ஓவர்கிளாக் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பிராசஸர் வெளியிடும் சூடு அதன் வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் இருமடியோடும் (வர்க்கத்தோடும்) ஏறுகிறது. ஐ5-2500கே நான்கு கோரும் (பிராசஸருக்குள் தனித்தனியே கணக்குச் செய்யும் பகுதிகள்) உழைக்கும்போது இயல்பாக 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். அதை 4.2 ஆக்கி, வோல்டேஜை 1.20-லிருந்து 1.28-க்கு உயர்த்தினால், வேகம் ஏறக்குறைய 23 சதவீதம் கூடும். சூடோ ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். வேகத்தைவிட வோல்டேஜுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும். வெப்பக்குழாய் வைத்த, 120 மில்லிமீட்டர் ஃபேன் கொண்ட கோபுரக் கூலர் ஒன்று இருந்தால் போதுமானது.

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பற்றியும் ஒரு வார்த்தை. மேலே 450 வாட் என்று அச்சிட்டிருக்கும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்கள் அதில் பாதியைக் கொடுப்பதற்கே திணறக்கூடும். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் வரைதான் தாங்கும் என்பதால், கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள கம்ப்யூட்டரில் மின்சாரம் போகும் நொடியில் அது கைவிட்டுவிடக்கூடும். கேபினெட்டைத் தொடும்போது விரலில் சுருக்கென்று உணர்ந்தால், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இணைப்பைச் சரிசெய்த பிறகே மற்ற வேலை.

இவ்வளவும் முடிந்த பிறகும் வேகத்தைத் தொடாமல், உள்ளதை உள்ளபடி அளந்துகொள்ள வேண்டும். முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். நிலையில்லாத பிராசஸர் நின்று போவதைவிட, ஓடிக்கொண்டே தவறாக எழுதிவைப்பதுதான் பெரிய கேடு. சிபியு-இசட் வோல்டேஜையும் வேகத்தையும் காட்டும், கோர் டெம்ப் வெப்பத்தைக் காட்டும், பிரைம்95 பிராசஸரை முழுமையாக உழைக்க வைக்கும். பிரைம்95-ல் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையை அரை மணி நேரம் ஓடவிட்டு, அறை வெப்பம், கோர்களில் மிக அதிகமான வெப்பம், முழு உழைப்பில் வோல்டேஜ் ஆகிய மூன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கோரின் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து வரும் எண்ணே உங்கள் கூலரின் உண்மையான தகுதி. அந்த எண்ணோடு 38-ஐக் கூட்டினால் கத்திரி வெயிலில் என்ன ஆகும் என்பது இன்றைக்கே தெரிந்துவிடும். கூட்டுத்தொகை இயல்பு நிலையிலேயே 80-ஐத் தொட்டால், கூலரை மாற்றாமல் மேலே போக வேண்டாம். இந்தப் பிராசஸர் 98 டிகிரியில் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த எல்லை வரை போகலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. நான் 80-ஐ என் எல்லையாக வைத்திருக்கிறேன்.

இனி பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே திறக்கும் போர்டின் அமைப்புத் திரை. உள்ளே நுழைந்தவுடன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் மின்சாரம் போகும்போதெல்லாம் அமைப்புகள் அழிந்துவிடும். கம்ப்யூட்டரின் கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டுகிறது என்றால் முதலில் சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள். அடிப்படைக் கடிகாரமான 100 மெகாஹெர்ட்ஸை அப்படியே விட்டுவிட வேண்டும். கோர் 2 டுவோ காலத்தில் அதை ஏற்றித்தான் ஓவர்கிளாக் செய்தார்கள். சாண்டி பிரிட்ஜில் சாட்டா (டிஸ்க் இணைப்பு), பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு இணைப்பு) ஆகியவையும் அதே கடிகாரத்தில் தொங்குவதால், சில மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் டிஸ்க்கில் உள்ள தரவுக்கே ஆபத்து. ராமை 1333 வேகத்திலும் 1.5 வோல்ட்டிலும் நிறுத்திவையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், தவறு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

வோல்டேஜை ஆட்டோவில் விடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வேகம் ஏறும்போது போர்டு தன் பாதுகாப்புக்காகத் தேவைக்கு மேல் தாராளமாக வோல்டேஜைக் கொடுத்துவிடும். மேலே சொன்ன இருமடிக் கணக்கில் அந்தத் தாராளம் முழுவதும் சூடாக மாறும். ஆகவே முழு உழைப்பில் நீங்கள் குறித்துவைத்த வோல்டேஜையே கைமுறையாகக் கொடுத்து, எல்லாக் கோர்களுக்கும் மல்டிபிளையரை 38 (அதாவது 3.8 கிகாஹெர்ட்ஸ்) ஆக்குங்கள். விண்டோஸ் திறந்ததும் பிரைம்95-ஐ இருபது நிமிடம் ஓட்டுங்கள். பிழையின்றி ஓடினால் 39, பிறகு 40. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு படி. சோதனையில் ஒரு கோரின் வேலை பிழையோடு நின்றுவிட்டாலோ, நீலத் திரை வந்தாலோ, கம்ப்யூட்டர் உறைந்தாலோ, பயாஸுக்குத் திரும்பி வோல்டேஜை 0.01 அல்லது 0.02 மட்டும் கூட்டி, அதே வேகத்தில் மறுபடி சோதியுங்கள். 1.30 வோல்ட்டைத் தொட்டும் ஒரு படி நிலைக்கவில்லை என்றால், அதற்கு முந்தைய படியே உங்கள் பிராசஸரின் இடம். இதைத் தாண்டி 1.35 வரை போகிறவர்கள் உண்டு. பத்தாண்டு உழைத்த சில்லுக்கு, அதுவும் எங்கள் வெயிலில், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சூடும் வோல்டேஜும் சேர்ந்து சில்லின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பாதைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன, இன்று 1.28-ல் நிலைக்கும் வேகம், சில ஆண்டுகளில் அதே வோல்டேஜில் நிலைக்காமல் போவதற்கு அதுவே காரணம்.

உழைப்பு ஏறும்போது வோல்டேஜ் சிறிது இறங்குவது இயல்பு. அதைச் சரிக்கட்ட லோடுலைன் கேலிபரேஷன் என்ற அமைப்பு இருக்கும்; நடுத்தர நிலை போதும், உச்ச நிலை வேண்டவே வேண்டாம். ஓய்வில் வேகத்தை 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கும் மின்சேமிப்பு அமைப்புகளை அணைக்க வேண்டும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். மிதமான ஓவர்கிளாக்குக்கு அது தேவையில்லை.

திரையே வரவில்லை என்றால் பதற வேண்டாம். பிளக்கை உருவி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி, பட்டன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட்டால் பயாஸ் தன் இயல்புக்குத் திரும்பிவிடும். போர்டில் இதற்கென்றே இரண்டு அல்லது மூன்று முள் கொண்ட ஜம்பரும் இருக்கும். நான் முதன்முறை இந்த நிலையில் ஒரு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, “ஓடுதத எதுக்கு நோண்டுதிய அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை.

இருபது நிமிடச் சோதனை வேகத்தைத் தேடுவதற்குத்தான். கண்டுபிடித்த வேகத்தை உறுதிசெய்ய ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும், அதுவும் பகலில். காலை பத்து மணிக்குத் தொடங்கி, கதவையும் ஜன்னலையும் வழக்கம்போல் வைத்து, நீங்கள் வேலை செய்யும்போது சீலிங் ஃபேன் ஓடும் என்றால் அதையும் ஓடவிட்டு, மாலை வரை விடுங்கள். மின்சாரம் போய் யுபிஎஸ் கூவினால் சோதனையை முறையாக நிறுத்திவிட்டு மறுநாள் தொடங்குங்கள். பிரைம்95 பிழையின்றி முடிந்தாலும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் டபிள்யுஎச்இஏ லாகர் என்ற பெயரில் எச்சரிக்கை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிராசஸர் தவறு செய்து தானே திருத்திக்கொண்டதை அது பதிவு செய்யும். ஒன்று விழுந்திருந்தாலும் ஒரு படி இறங்குங்கள். ஐப்பசியிலோ தையிலோ சோதிக்கிறவர், அறை வெப்பத்துக்கும் 38-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தம் அளவோடு கூட்டிப் பார்க்க மறக்கக் கூடாது.

என் கம்ப்யூட்டரில் இப்போது பயாஸில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறேன். ஒன்று 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.28 வோல்ட்; மற்றொன்று 3.9 கிகாஹெர்ட்ஸ், இயல்பான வோல்டேஜ். பங்குனி முடியும்போது இரண்டாவதற்கு மாறி, சாரல் காற்று பொதிகைப் பக்கமிருந்து வரத் தொடங்கியதும் முதலாவதற்குத் திரும்புகிறேன். மாற்றிய தேதியையும் அன்றைய அறை வெப்பத்தையும் கேபினெட்டின் உள்பக்கத்தில் ஒட்டிய தாளில் எழுதிவைப்பது வழக்கம்.