கொழுந்து மலையைச் சூரியனுக்கு எதிரே நின்று பாருங்கள்

காலையில் தேயிலை மலையோரமாக வேலைக்கோ பள்ளிக்கோ செல்பவர்கள், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாமல், அதற்கு எதிர்முகமாக ஒரு நிமிடம் நின்று செடிகளைப் பார்க்க வேண்டும். வெயில் நமக்குப் பின்னாலிருந்து விழும்போது இலையின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியே கண்ணுக்கு வருவதால் மலை முழுவதும் ஒரே பச்சையாகத் தோன்றும். எதிர்ப்புறமிருந்து வரும்போதோ மெல்லிய கொழுந்தை ஒளி ஊடுருவிச் செல்வதால், தடித்த முற்றல் இலைகளுக்கு மேலே கொழுந்து மட்டும் மஞ்சள் கலந்த பச்சையில் விளக்கேற்றியதுபோல் தனித்து நிற்கும். மூடுபனியின் நுண்துளிகளும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிப்பதால், அந்தத் திசையில்தான் பனி வெண்மையாக ஒளிரும். கைபேசியில் படமெடுப்பவர்கள் கேமரா வில்லையின் மேல் வெயில் நேராகப் படாதபடி உள்ளங்கையால் நிழல் பிடித்தால் போதும். இதற்கெனத் தனிக் கருவி வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம்.

வெயில் சாய்வாக விழும் காலையிலும் மாலையிலும் மட்டுமே இது பலிக்கும். தென்மேல் பருவமழையில் இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கம் வானம் மூடிக்கிடக்கும் நாட்களிலும், செடிகளின் கிளைகளைத் தறித்துப் புதிதாகக் கவாத்து வெட்டிய மலையிலும் பயனில்லை. சூரியனை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது.