நறுக்கிய கிழங்கைக் கழுவாதீர்கள்

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு வீட்டில் கூடுவோம், ஆளுக்கொரு பதார்த்தம். பிரியாணிக்கும் மட்டன் பிரட்டலுக்கும் அத்தைமார் இருக்கிறார்கள், அதனால் கிரீம் ஊற்றி ஓவனில் வேகவைக்கும் உருளைக்கிழங்கு என் பங்கு. காரம் தின்ற வாய்க்கு இதமாக இருக்கும் என்பதால் பிள்ளைகள் முதலில் இதைத்தான் காலி செய்வார்கள்.

முதல் தடவை செய்தபோது, வறுவலுக்குச் செய்கிற பழக்கத்தில் துண்டுகளைத் தண்ணீரில் போட்டு இரண்டு முறை அலசிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால் கிழங்கு ஒரு பக்கம், பால் ஒரு பக்கம், ரசம் மாதிரி ஓடுகிறது. கிரீமைக் கெட்டியாக்குவதே கிழங்கின் மாவுச்சத்துதான், அதை நானே சிங்க்கில் ஊற்றியிருக்கிறேன். தோல் சீவுவதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் கழுவுங்கள், நறுக்கிய பிறகு தொடாதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒன்றரை கிலோ கிழங்கு போதும். ரஸ்ஸட் என்று விற்கிற நீளமான, பழுப்புத் தோல் கிழங்காகப் பாருங்கள், மாவு அதிகம். சின்ன உருண்டைக் கிழங்கு சாலட்டுக்குத்தான் சரி. 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வட்டமாகச் சீவுங்கள். சீவும் கட்டையில் செய்தால் சீக்கிரம் முடியும், ஆனால் விரல் பத்திரம்.

அகலமான சட்டியில் 500 மில்லி விப்பிங் கிரீம், 300 மில்லி பால், நசுக்கிய பூண்டு நான்கு பல், இரண்டு தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், துருவிய ஜாதிக்காய் கொஞ்சம். கொழுப்பு குறைந்த கிரீம் வேண்டாம், சூட்டில் திரிந்துவிடும். சூடானதும் கிழங்கைப் போட்டு, சிறு தீயில் எட்டு நிமிடம், அடிபிடிக்காமல் மெதுவாகப் புரட்டிக்கொண்டே இருங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் கஞ்சி போல ஒட்ட ஆரம்பித்தால் பதம் வந்துவிட்டது.

வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்பி, மேலே துருவிய சீஸ். பிரான்சின் தோஃபினே வட்டாரத்து அசல் முறையில் சீஸே கிடையாது, ஆனால் நம் வீட்டில் சீஸ் இல்லாமல் கொண்டுபோனால் கேள்வி வரும். சைவக்காரர்கள் இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், ஏனென்றால் குருயேர் என்கிற சுவிஸ் சீஸில், பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பார்கள்.

180 டிகிரியில், அலுமினியத் தாள் மூடி 30 நிமிடம், திறந்து 20 நிமிடம். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் வைக்கிற சின்ன மேசை ஓவனில் மேல்கம்பி தட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும், அதனால் தட்டை ஓவனின் கீழ் அடுக்கில் வைத்து, தாளைத் திறந்ததும் பக்கத்திலேயே நில்லுங்கள். நடுவில் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கினால் வெந்துவிட்டது.

உடனே வெட்டினால் ஓடும், இருபது நிமிடம் ஆறட்டும். ஈசூனிலிருந்து பொங்கோலுக்குப் போகிற நேரத்தில் அது தானாக இறுகிவிடும். தாளை இறுக்கி மூடினால் ஆவியில் மேல்தோல் நமுத்துப்போகும், கொஞ்சம் இடைவெளி விட்டு மூடி, தடித்த துண்டில் சுற்றி எடுத்துப் போங்கள். போன இடத்தில் ஓவன் இருந்தால் பத்து நிமிடம் திறந்தபடி சூடாக்கினால் மறுபடி மொறுமொறுப்பாகும்.