தூண்டிலோடு போகும் பிள்ளை: பெரியவர்கள் செய்யும் தவறுகள்

மீன்பிடிக்கக் கூட்டிப் போனால் பிள்ளைக்குப் பொறுமை வந்துவிடும் என்ற நினைப்புதான் முதல் தவறு. ஏடிஎச்டி (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும்), ஆட்டிசம், சட்டென்று வெடிக்கும் கோபம் என எதுவாக இருந்தாலும், காத்திருப்பது அந்தப் பிள்ளைகளில் பலருக்கும் ஆகக் கடினமான வேலை. தூண்டில் பொறுமையைக் கற்றுக்கொடுப்பதில்லை, எடுத்த எடுப்பிலேயே அதைக் கேட்கிறது. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக் கொடுப்பது பெரியவரின் வேலை.

அதற்குக் குறுக்கே நிற்பது பெரிய மீன் ஆசை. பெரிய மீன் மணிக்கணக்கில் உட்கார வைக்கும். பிள்ளைக்கு வேண்டியது விரல் நீள மீன், அதுவும் அடிக்கடி. நீர்ச்செடிகளின் ஓரம், நிழல் விழும் கரை போன்ற இடங்களில் பொடி மீன் கூடும். ரீல் (நரம்பைச் சுற்றி வைக்கும் உருளை) இல்லாத, இரண்டு அல்லது இரண்டரை மீட்டர் கம்பு போதும். நரம்பும், அதாவது தூண்டில் இழையும், கம்பின் நீளமே இருக்கட்டும். முள் 12 அல்லது 14 எண். எண் ஏற ஏற முள் சிறியதாகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கி வருகிறவர்கள் உண்டு. முழு மண்புழுவைக் கோர்த்தால் பொடி மீன்கள் வாலைக் கடித்து இழுக்கும், மிதவை ஆடும், ஆனால் எதுவும் மாட்டாது. முள்ளை மூடும் அளவுக்கு ஒரு துண்டு போதும். தடித்த மிதவையைச் சின்ன மீனால் அமுக்க முடியாது. ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மிதவையின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி சரிசெய்யுங்கள். பத்து நிமிடம் கடி இல்லையென்றால் ஆழத்தை மாற்றுங்கள், அப்போதும் இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள்.

ரீல் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. நரம்பு சிக்கிக்கொள்ளும் நேரம்தான் பிள்ளை கம்பைத் தூக்கி எறியும் நேரம். சிக்கெடுக்கும் வரை அதைச் சும்மா நிற்கச் சொல்வது நடக்காத காரியம். முள், மிதவை எல்லாம் கட்டிய இன்னொரு கம்பு தயாராக இருந்தால், கையில் கொடுத்துவிட்டுச் சிக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரியவர் தனக்கென்று ஒரு தூண்டில் போட்டால் இதெல்லாம் கைகூடாது. போட ஆசைப்படுகிறவர் இன்னொரு நாள் தனியாக வரலாம்.

தண்ணீர் விஷயத்தில் இடமே கொடுக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர்மேல் தனி ஈர்ப்பு உண்டு. சத்தமில்லாமல் நழுவிப் போய் இறங்கிவிடுவார்கள். நாலு பெரியவர்கள் இருக்கிறார்களே என்ற நம்பிக்கை ஆபத்தானது, ஏனென்றால் எல்லோரும் பார்த்துக்கொள்வது யாரும் பார்க்காததில்தான் முடியும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நிற்க வேண்டும். அவர் விலகினால் “இனி நீங்க பாருங்க” என்று வாய்விட்டுச் சொல்லி, பதில் வந்த பிறகே நகர வேண்டும். உடல் எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கையில் மாட்டும் காற்றுப் பட்டை அதற்கு ஈடாகாது. ஜாக்கெட்டைக் கரையில் வைத்து முதன்முறையாக மாட்டினால், பட்டை இறுகும் உணர்வுக்கே பிள்ளை அலறலாம். ஒரு வாரம் முன்பே வீட்டில் தினமும் சில நிமிடங்கள் போட்டுப் பழக்குங்கள். தொடக்கத்தில் படகு வேண்டவே வேண்டாம், பிள்ளைக்கு மூச்சு முட்டினால் விலகிப்போக அதில் இடம் இல்லை.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு பல்லைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் சில தப்பும், பரவாயில்லை. தோலில் ஏறினால் போன வழியே எளிதில் வெளியே வரும். நசுக்காத முள் ஆழமாக ஏறியிருந்தால் இழுக்காதீர்கள், தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கண்ணிலோ கண்ணருகிலோ பட்டால் முள்ளைத் தொடவே கூடாது. எல்லோருக்கும் தொப்பியும் கண்ணாடியும் இருக்கட்டும். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு கம்பு நீள இடைவெளி விடுங்கள். தலைக்கு மேல் சுழற்றி வீசாமல், நரம்பைக் கையில் பிடித்து முன்னால் ஊசலாட்டி விடப் பழக்குங்கள்.

பலர் யோசிக்காத ஒன்று மருந்து நேரம். ஏடிஎச்டிக்குக் கொடுக்கப்படும், குறுகிய நேரம் வேலை செய்யும் மெதில்ஃபெனிடேட் மாத்திரையின் வீரியம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு எரிச்சல் கூடும், அடக்கி வைத்த பசியும் சேர்ந்து வரும். அந்த நேரம் கரையில் கழியாதபடி பயணத்தை வையுங்கள். மருந்தின் அளவையோ வேளையையோ மாற்றுவது மருத்துவரைக் கேட்டுத்தான். முதல் சில பயணங்களுக்கு முக்கால் மணி நேரமே தாராளம்.

“கவனமா இரு”, “ஒழுங்கா நில்லு” என்பவற்றால் பயன் இல்லை. எதைச் செய்வது என்று அதில் இல்லையே. “கம்பைக் கீழே வை” என்றால் புரியும். விதிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம், அவற்றைப் படமாக வரைந்து கிளம்பும் முன்பே காட்டுங்கள். “அடம் பிடிச்சா அடுத்த வாரம் கிடையாது” என்ற மிரட்டல் அந்த நொடியில் எந்தப் பிள்ளையையும் அடக்கியதில்லை.

கோபம் வெடித்துவிட்டால் பேச்சைக் குறைத்து வேலையைப் பாருங்கள். முதலில் கையிலிருக்கும் முள், பிறகு தண்ணீரிலிருந்து தூரம், அதன் பிறகு அமைதி. இந்த வரிசை மாறக் கூடாது. தண்ணீரில் விழும் ஆபத்து இருந்தாலொழியப் பிடித்து அமுக்காதீர்கள். காரணம் கேட்பதும் நியாயம் பேசுவதும் பிள்ளை முழுதாக அடங்கிய பிறகு.

பிடித்த மீனை என்ன செய்வது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். தண்ணீரிலேயே விடப்போவதாக இருந்தால், அந்தச் செய்தி கரையில் வைத்துத்தான் பிள்ளைக்கு முதல் தடவை தெரியவரக் கூடாது. இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் உள்ள பிள்ளையிடம் மீனைக் கையில் கொடுக்காமல் வாளித் தண்ணீரில் காட்டுங்கள். வாளி நிழலில் இருக்கட்டும், சில நிமிடங்களில் பிள்ளையே சாய்த்து விடட்டும். சளி வழவழப்பு பிடிக்காத பிள்ளையைப் புழு கோர்க்கச் சொல்லாதீர்கள். இரை தூவுவது, மீனை எண்ணுவது என்று வேறு வேலை கொடுங்கள்.

கிளம்பும் நேரத்தில் “இன்னும் ஒரு மீன், அப்புறம் போகலாம்” என்று சொல்லிவிடாதீர்கள், மீன் நம் சொல்லுக்கு வராது. “இன்னும் அஞ்சு தடவை போடு” என்று சொல்லி, ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஐந்தாவது முடிந்ததும் கம்பு உறைக்குள் போக வேண்டும். பிள்ளை உற்சாகமாக இருக்கும்போதே எண்ணத் தொடங்குங்கள், சோர்ந்த பிறகு எண்ணினால் மூன்றாவதிலேயே தகராறு. கொண்டுவந்த முட்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் வேலையைப் பெரியவர் செய்யட்டும், வாளியைத் தூக்கும் வேலை பிள்ளைக்கு. ஒரு முள் குறைந்தால், செருப்பைக் கழற்றவிடாமல் பிள்ளையை ஓரமாக நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.